உலு திராம் தாக்குதல்: கேள்விக்கும் கெடு உண்டு

2024 மே 17, வெள்ளிக்கிழமை. அதிகாலை மூன்று மணிகூட ஆகவில்லை. ஜொகூரின் உலு திராம் போலீஸ் நிலையத்துக்குப் பாராங் கத்தியோடு வந்த 21 வயது இளைஞன் ஒரு கான்ஸ்டபிளை வெட்டிக் கொன்றான். அவருடைய துப்பாக்கியைப் பிடுங்கி இன்னொருவரைச் சுட்டான், அவரும் இறந்தார். காயம்பட்ட மூன்றாவது காவலர் திருப்பிச் சுட்டதில் அவன் மாண்டான். பலியான காவலர்களின் வயது 22, 24.

அன்றே போலீஸ் படைத் தலைவர் ரசாருடின் ஹுசேன், அவனுடைய தந்தை ஜெமா இஸ்லாமியா என்ற தீவிரவாத இயக்கத்தின் உறுப்பினராக அறியப்பட்டவர் என்றார். உள்துறை அமைச்சர் சைபுடின் நசுத்தியோனோ, அவன் தனியாளாகச் செயல்பட்டவன் என்றார். ஜூனில் குடும்பத்தார் ஐவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது குற்றச்சாட்டுகளில் ஐஎஸ் என்ற வேறொரு இயக்கத்தின் பெயர் வந்தது. ஒரே சம்பவத்துக்கு மூன்று விளக்கம். ஜெமா இஸ்லாமியா வளர்ந்த லுக்மானுல் ஹாக்கிம் மதப்பள்ளி 1990களில் இயங்கியதும் இதே ஊரில்தான். பள்ளி மூடப்பட்ட பிறகு, அந்த இயக்கத்தவர் என்று அறியப்பட்டவர்களின் வீடுகளை யார், எவ்வளவு காலம் கண்காணித்தார்கள்? இதற்கு அரசாங்கம் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் வாங்கும் வழிதான் குறுகலானது. போலீஸும் உள்நாட்டுப் பாதுகாப்பும் கூட்டரசுப் பட்டியலில் இருப்பவை. ஜொகூர் சட்டமன்றம் உள்துறை அமைச்சரைக் கூண்டில் ஏற்ற முடியாது. மக்களவைதான் இடம். தாக்குதல் நடந்தபோது அவை கூடியிருக்கவில்லை. ஜூன் 24-இல்தான் கூடியது. அதற்குள் ஐந்து வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது, வழக்கும் நீதிமன்றம் போய்விட்டது. விசாரணையில் இருக்கும் வழக்கைப் பாதிக்கும்படி அவையில் பேச விதிகள் இடம் தருவதில்லை.

அந்த விதி சரியானது. ஆனால் அதைக் காட்டியே எல்லாக் கேள்வியையும் ஒதுக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. நள்ளிரவில் ஒரு சிறுநகர நிலையத்தில் எத்தனை பேர் பணியில் இருக்க வேண்டும்? வாசலில் நிற்பவருக்குத் தற்காப்பு உடை உண்டா? காவலரின் துப்பாக்கியை மற்றவர் பிடுங்க முடியாதபடி உறை மாற்றப்பட்டதா? இவை எதுவும் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்கைத் தொடாது.

கேள்வி நேரம் ஒன்றரை மணி. வாய்மொழிக் கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டியலில் பின்னால் விழும் கேள்விக்கு எழுத்து மூலமே பதில் வரும். அங்கேதான் இழப்பு. அவையில் அமைச்சர் மழுப்பினால் துணைக் கேள்வி கேட்டு மடக்கலாம். காகிதத்திடம் துணைக் கேள்வி கேட்க முடியாது. "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று ஒரு வரி வந்தால் அதோடு சரி.

உறுப்பினர் இருக்கையில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. விசாரணையின்றி 28 நாள் தடுத்துவைக்க இடம் தரும் சொஸ்மா சட்டப் பிரிவை நீட்டிக்கும் தீர்மானம் 2022 மார்ச் 23-இல் 84க்கு 86 என்று தோற்றது. 50 பேர் அவையில் இல்லை. சில மாதங்களில் அதே தீர்மானம் திரும்ப வந்து நிறைவேறியது. அந்தப் பிரிவை நான் ஏற்கவில்லை. ஆனால் ஏற்பவர்களும் கவலைப்பட வேண்டிய விஷயம் இது: ஒரு மனிதனின் 28 நாள் சுதந்திரம் வருகைப் பதிவைப் பொறுத்து ஆடியது.

உலு திராம், தெப்ராவ் தொகுதிக்குள் வருகிறது. அடுத்த கூட்டத்தொடருக்குக் கேள்வி கொடுக்கும் கெடு முடிவதற்குள், உங்கள் கேள்வியை எழுதி நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுங்கள். வாய்மொழிப் பதிலே கேளுங்கள். நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.