உறையைப் பிரிக்கும் முன்பே: ஆஸ்கர் வெற்றியாளரைக் கணிப்பது எப்படி?

2021 ஏப்ரல் 25. கொரோனா காலம் என்பதால் ஆஸ்கர் விழா அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் யூனியன் ரயில் நிலையத்தில் நடந்தது. வழக்கமாகக் கடைசி விருது 'சிறந்த படம்'. அன்று விழாக் குழுவினர் வரிசையை மாற்றி, சிறந்த நடிகர் விருதைக் கடைசியில் வைத்தார்கள். அதற்கு என்ன காரணம் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. முந்தைய ஆகஸ்டில் 43 வயதிலேயே புற்றுநோயால் இறந்துபோன சாட்விக் போஸ்மனுக்குத்தான் விருது என்று உலகமே நம்பியது. அவருக்கான அஞ்சலியோடு விழாவை நிறைவு செய்யலாம் என்பது எண்ணம். வாக்கீன் ஃபீனிக்ஸ் உறையைப் பிரித்தார். 'தி ஃபாதர்' படத்துக்காக ஆண்டனி ஹாப்கின்ஸ் என்று இருந்தது. 83 வயது ஹாப்கின்ஸ் அரங்கிலேயே இல்லை. தன் சொந்த ஊர்ப்பக்கமான வேல்ஸில் இருந்தார். நன்றியுரை இல்லை, அஞ்சலி இல்லை. விழா அப்படியே முடிந்துபோனது.

விழாவை நடத்துகிறவர்களுக்குக்கூட முடிவு முன்கூட்டித் தெரியாது என்பதற்கு அந்த இரவு சாட்சி. அவர்களும் நம்மைப் போலக் கணித்தார்கள், கணிப்பு தவறியது. ஆனால் தடயம் இல்லாமல் இல்லை. கோல்டன் குளோப் விருதும் அமெரிக்கத் திரை நடிகர் சங்க விருதும் போஸ்மனுக்குப் போயிருந்தன. ஆஸ்கருக்கு இரண்டு வாரம் முன்பு, பிரிட்டனின் பாஃப்டா விருது மட்டும் ஹாப்கின்ஸுக்குப் போனது. எந்தத் தடயத்தை எப்போது நம்புவது? ஆஸ்கர் கணிப்பின் சூட்சுமம் முழுவதும் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

ரகசியம் வந்த கதை

தொடக்கத்தில் கணிப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் முதல் விழா நடந்தபோது, வென்றவர்கள் யார் என்பது மூன்று மாதம் முன்பே வெளியாகியிருந்தது. விருது கொடுத்து முடிக்கக் கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது.

அடுத்த ஆண்டிலிருந்து முடிவுகளை விழா இரவு வரை வெளியில் சொல்வதில்லை என்று ஆனது. ஆனால் மறுநாள் செய்திக்காகப் பத்திரிகைகளுக்குப் பட்டியலை முன்னதாகவே கொடுத்துவந்தார்கள். இரவு 11 மணிக்கு முன் வெளியிடக் கூடாது என்பது நிபந்தனை. 1940இல் 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' அதை மீறி, மாலைப் பதிப்பிலேயே பெயர்களைப் போட்டுவிட்டது. விருந்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள் வழியிலேயே முடிவைப் படித்துவிட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1941இல், மூடி ஒட்டிய உறை வந்தது. அன்று தொடங்கிய நடைமுறைதான் இன்றுவரை நீடிக்கிறது.

இப்போது வாக்குகளை எண்ணுவது பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் என்ற தணிக்கை நிறுவனம். முடிவு தெரிந்த இரண்டு அதிகாரிகள் ஆளுக்கொரு பெட்டியுடன் மேடையின் இரு பக்கமும் நிற்பார்கள். இரண்டு பெட்டிகளிலும் ஒரே மாதிரியான முழுத் தொகுப்பு உறைகள் இருக்கும். விருது வழங்குபவர் எந்தப் பக்கமாக வந்தாலும் உறை தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. 2017இல் நடந்த குழப்பத்துக்கு இதுவே காரணமாகவும் ஆனது. ஒரு பக்கத்து உறையிலிருந்து சிறந்த நடிகை விருது கொடுக்கப்பட்டது. மறுபக்கத்துப் பெட்டியில் அதே விருதின் இன்னொரு உறை பிரிக்கப்படாமல் இருந்தது. 'சிறந்த படம்' அறிவிக்க வந்த வாரன் பெய்ட்டியின் கைக்கு அது போய்விட்டது. உள்ளே 'எம்மா ஸ்டோன், லா லா லேண்ட்' என்று இருந்ததால், உடனிருந்த ஃபே டனவே படத்தின் பெயரை மட்டும் வாசித்தார். 'லா லா லேண்ட்' குழுவினர் மேடையேறி நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் தவறு தெரிந்தது. அந்தப் படத்தின் தயாரிப்பாளர் ஜோர்டன் ஹொரோவிட்ஸே, வென்றது 'மூன்லைட்' என்று அறிவித்து, சரியான அட்டையைக் கேமரா முன் தூக்கிக் காட்டினார்.

வாக்காளர் யார்?

தேர்தலைக் கணிப்பவர் வேட்பாளரைப் பார்ப்பதற்கு முன் வாக்காளரைப் பார்ப்பார். ஆஸ்கருக்கும் அதே முறைதான். 'எந்தப் படம் சிறந்தது?' என்று கேட்டால் பாதி வழியிலேயே தவறிவிடுவோம். 'வாக்களிப்பவர்களுக்கு எது பிடிக்கும்?' என்று கேட்க வேண்டும்.

வாக்களிப்பது அகாடமி உறுப்பினர்கள், இன்று சுமார் 10,000 பேர். பெரும்பாலான பிரிவுகளில், பரிந்துரைப் பட்டியலை அந்தந்தத் துறையினரே தேர்வு செய்கிறார்கள். நடிகர்களை நடிகர்கள், படத்தொகுப்பாளர்களைப் படத்தொகுப்பாளர்கள். ஆனால் இறுதி வாக்கெடுப்பில் எல்லா உறுப்பினரும் எல்லாப் பிரிவுக்கும் வாக்களிக்கலாம். ஒலிக்கலைஞர் உடை அலங்காரத்துக்கும், நடிகர் ஒளிப்பதிவுக்கும் வாக்களிப்பார். அதனால் பரிந்துரைப் பட்டியலில் நுணுக்கமான வேலை இடம் பிடிக்கும். இறுதியில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற வேலை வெல்லும்.

சரித்திரப் படங்களும் கற்பனை உலகப் படங்களும் உடை அலங்கார விருதை அள்ளிச் செல்வது இதனால்தான். நடிப்பிலும் இதே போக்கு உண்டு. உண்மையில் வாழ்ந்தவரின் வேடம் என்றால் வாக்காளருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வசதி. லிங்கனாக டேனியல் டே-லூயிஸ் (2013), ஸ்டீபன் ஹாக்கிங்காக எடி ரெட்மெய்ன் (2015), சர்ச்சிலாக கேரி ஓல்ட்மேன் (2018), ஃப்ரெடி மெர்குரியாக ராமி மாலெக் (2019), ஓப்பன்ஹைமராக கிலியன் மர்ஃபி (2024) என்று வரிசை நீளும். முகத்தையோ உடலையோ அடியோடு மாற்றிய ஒப்பனை இருந்தால், நடிப்பு விருதும் ஒப்பனை விருதும் பல முறை கைகோத்து வந்திருக்கின்றன. ஓல்ட்மேனின் சர்ச்சில், ஜெசிகா சாஸ்டெயினின் 'தி ஐஸ் ஆஃப் டாமி ஃபே', பிரெண்டன் ஃப்ரேசரின் 'தி வேல்' மூன்றுக்கும் அப்படித்தான் நடந்தது. இது விதியல்ல. 2025இல் 'தி சப்ஸ்டன்ஸ்' ஒப்பனை விருதை வென்றது. ஆனால் அதன் நாயகி டெமி மூர் தோற்றார்.

முன்னோட்ட விருதுகள்

ஆஸ்கருக்கு முந்தைய வாரங்களில் விருது மேல் விருதாக வரும். எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை. கோல்டன் குளோப் விருதைத் தீர்மானிப்பவர்கள் பத்திரிகையாளர்கள். அவர்களுக்கு ஆஸ்கரில் வாக்கில்லை. இயக்குநர், தயாரிப்பாளர், நடிகர் சங்கங்களில் இருப்பவர்களில் பலர் அகாடமி உறுப்பினர்கள். அதனால் சங்க விருதுகளுக்கு எடை அதிகம். இயக்குநர் சங்க விருது பெற்றவரே ஆஸ்கரிலும் இயக்குநர் விருது பெறுவது வழக்கம், மாறுவது அபூர்வம். அப்படி மாறிய ஆண்டுகளில் ஒன்று 2020. சங்கம் '1917' படத்தின் சாம் மெண்டிஸைத் தேர்ந்தெடுத்தது. ஆஸ்கர் 'பாரசைட்' இயக்கிய பாங் ஜூன்-ஹோவுக்குப் போனது.

இந்த எடையைச் சரியாகப் போடத் தெரியாவிட்டால் எப்பேர்ப்பட்ட நிபுணரும் தடுமாறுவார். 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் 50 மாநிலங்களில் 49 மாநிலங்களின் முடிவைச் சரியாகக் கணித்துப் புகழ்பெற்றவர் நேட் சில்வர். சில மாதங்களில், 2009 ஆஸ்கரின் ஆறு முக்கியப் பிரிவுகளையும் புள்ளிவிவரக் கணக்குப் போட்டுக் கணித்தார். நான்குதான் சரியாக வந்தது. சிறந்த நடிகர் 'தி ரெஸ்லர்' மிக்கி ரூர்க் என்றார் அவர். வென்றவர் 'மில்க்' படத்தில் ஹார்வி மில்க் என்ற உண்மை மனிதராக நடித்த ஷான் பென். கோல்டன் குளோபும் பாஃப்டாவும் ரூர்க் பக்கம் நின்றன. நடிகர் சங்கம் மட்டும் பென்னைத் தேர்ந்திருந்தது.

அதே 2009 விழாவில்தான் 'ஸ்லம்டாக் மில்லியனர்' எட்டு விருதுகளை வென்றது. இசைப் பிரிவில் கணிப்பாளர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. ஏ.ஆர். ரஹ்மான் அதற்கு முன்பே கோல்டன் குளோபையும் பாஃப்டாவையும் பெற்றிருந்தார். இரண்டு ஆஸ்கர்களுடன், 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று அவர் தமிழில் சொன்னதை அந்தத் திங்கள் காலையில் தொலைக்காட்சி முன் அமர்ந்து கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2009இல் நடிகர் சங்கம் சொன்னது பலித்தது, பாஃப்டா சொன்னது பலிக்கவில்லை. 2021இல் தலைகீழ். 2019இல் சங்கம் கிளென் க்ளோஸைத் தேர்ந்தது, பாஃப்டா ஒலிவியா கோல்மனை, வென்றவர் கோல்மன். 2024இல் சங்கம் லில்லி கிளாட்ஸ்டோன், பாஃப்டா எம்மா ஸ்டோன், வென்றவர் ஸ்டோன். 2025இல் சங்கம் டெமி மூர், பாஃப்டா 'அனோரா' நாயகி மைக்கி மேடிசன், வென்றவர் மேடிசன். இடையில் மாறியது வாக்காளர் பட்டியல். பரிந்துரைகளில் வெள்ளையர் ஆதிக்கம் பற்றி எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, 2016 முதல் அகாடமி பெண்களையும் பிற இனத்தவரையும் வெளிநாட்டவரையும் பெருமளவில் உறுப்பினராகச் சேர்த்தது. 2022இல் சூர்யா, 2023இல் மணிரத்னம், 2025இல் கமல்ஹாசன் என அழைப்புகள் வந்ததும் இந்த விரிவாக்கத்தின் பகுதிதான். ஹாலிவுட்டுக்கு வெளியே இருப்பவர்களின் வாக்கு கூடக்கூட, ஹாலிவுட்டுக்கு வெளியே தரப்படும் விருதின் எடையும் கூடுகிறது. ஆனாலும் 2023இல் பாஃப்டா கேட் பிளான்செட்டையும் ஆஸ்டின் பட்லரையும் தேர்ந்தெடுக்க, சங்கம் தேர்ந்த மிஷெல் யோவும் பிரெண்டன் ஃப்ரேசரும் ஆஸ்கரை வென்றார்கள்.

'சிறந்த படம்': கணக்கே வேறு

மற்ற பிரிவுகளில் அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி பெறுவார். 'சிறந்த படம்' மட்டும் அப்படியில்லை. 2010 விழாவிலிருந்து அதற்கு முன்னுரிமை வாக்கு முறை. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இருப்பதைப் போல, படங்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி எழுத வேண்டும்.

100 வாக்குகள், ஐந்து படங்கள் என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். முதல் இடத்துக்கான வாக்குகள்: 'அ' 34, 'ஆ' 26, 'இ' 18, 'ஈ' 12, 'உ' 10. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. கடைசியில் இருக்கும் 'உ' நீக்கப்படும். அந்த 10 சீட்டுகளில் இரண்டாவதாக எழுதியிருக்கும் படத்துக்கு வாக்கு மாறும். எட்டு 'ஆ'வுக்கும் இரண்டு 'இ'க்கும் போகிறது என்றால், 'அ'வும் 'ஆ'வும் 34இல் சமமாக நிற்கும். அடுத்து 'ஈ'யின் 12 சீட்டுகள். ஒன்பது 'ஆ'வுக்கு, இரண்டு 'இ'க்கு, ஒன்று 'அ'வுக்கு. இப்போது 'ஆ' 43, 'அ' 35, 'இ' 22. 'இ'யும் போனபின் அதன் சீட்டுகளில் 14 'ஆ'வுக்கும் 8 'அ'வுக்கும் வர, 57-43 என்று 'ஆ' வென்றுவிடும். முதல் சுற்றில் எட்டு வாக்கு முன்னிலையில் இருந்த 'அ' தோற்றது. ஒரு சிலர் கொண்டாடி மற்றவர்கள் ஒதுக்கும் படத்தைவிட, பெரும்பாலோர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ எழுதக்கூடிய படத்துக்கு வாய்ப்பு அதிகம்.

2022இல் இது நடந்தது என்று பலர் கருதுகிறார்கள். 'தி பவர் ஆஃப் த டாக்' 12 பரிந்துரைகளோடு வந்து, ஜேன் கேம்பியனுக்கான இயக்குநர் விருதை மட்டும் பெற்றது. காது கேளாத குடும்பத்தின் கதையான 'கோடா'வுக்கு மூன்றே பரிந்துரைகள். மூன்றும் விருதாயின, சிறந்த படம் உட்பட. அதே முன்னுரிமை முறையில் வாக்கெடுக்கும் தயாரிப்பாளர் சங்கம் எட்டு நாள் முன்பே 'கோடா'வைத் தேர்ந்திருந்தது. 2025இல் 'அனோரா'வும் அந்தச் சங்கத்தின் விருதோடுதான் ஆஸ்கருக்கு வந்தது.

வீட்டில் கணிப்பவர்களுக்கு

நண்பர்களும் குடும்பத்தினரும் விழாவுக்கு முந்தைய நாள் தாளில் பெயர்களை எழுதி வைத்து, சரியான ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண் போடுவது உலகெங்கும் உள்ள பழக்கம். நடிகர், இயக்குநர் பிரிவுகளில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே பதிலை எழுதுவார்கள். வித்தியாசம் வருவது குறும்படம், ஆவணக் குறும்படம் போன்ற பிரிவுகளில். அங்கே கைகொடுக்கச் சங்க விருதுகள் கிடையாது. ஒரே வழி, படங்களைப் பார்ப்பது. 2023இல் ஆவணக் குறும்பட விருதை வென்ற 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்', முதுமலை தெப்பக்காடு முகாமில் யானைக்குட்டி ரகுவை வளர்த்த பொம்மன்–பெள்ளி தம்பதியின் கதை. கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கிய படம். ஓடும் நேரம் சுமார் 40 நிமிடம். தமிழ் பேசும் அந்தப் படத்தை விருதுக்கு முன்பே பார்த்தவர்கள் நம் ஊரிலேயே எத்தனை பேர்?

கணிப்பது வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். ஒலியமைப்பு, படத்தொகுப்பு, கலை இயக்கம் என்று நாம் தாண்டிச் செல்லும் பிரிவுகளை, பதில் எழுத வேண்டும் என்பதற்காகவாவது கவனிக்கிறோம். பெயர் தெரியாத கலைஞரின் வேலையை உட்கார்ந்து யோசிக்கிறோம்.

ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்தால்தான் அந்தப் பிரிவுக்கு இறுதி வாக்களிக்கலாம் என்று அகாடமி 2025 ஏப்ரலில் விதி கொண்டுவந்தது. அந்த விதியை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். பரிந்துரைப் பட்டியல் வந்ததும் ஏதேனும் இரண்டு சிறிய பிரிவுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்துவிடுங்கள். பிறகு தாளில் ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு பெயர் எழுதுங்கள்: யார் வெல்வார், யார் வெல்ல வேண்டும். விழா முடிந்ததும் முதல் பெயருக்கு மதிப்பெண் போடுங்கள்; இரண்டாவது பெயரின் படத்தை, அது தோற்றிருந்தாலும், இன்னும் நான்கு பேரைப் பார்க்க வையுங்கள்.