மலைவீட்டு இழுப்பறை: சேனல் தேர்வும் நுகர்வோர் உரிமையும்

அலமாரியோ சமையலறைப் பெட்டகமோ செய்யக் கொடுப்பவர்கள் பலகையின் வகையையும் மேற்பூச்சின் நிறத்தையும் பலமுறை பார்த்து முடிவு செய்கிறார்கள்; இழுப்பறையைத் தாங்கி உள்ளும் வெளியும் ஓடச்செய்யும் உலோகத் தடம் எத்தகையது என்று கேட்பவர்கள் குறைவு. தச்சர்களும் ஹார்டுவேர் கடைக்காரர்களும் ‘சேனல்’ என்று சொல்லும் அந்தத் தடம், அசையாமல் நிற்கும் பெட்டகத்தில் நாள்தோறும் அசைகிற மிகச் சில உறுப்புகளுள் ஒன்றாதலால், முதலில் பழுதாவதும் பெரும்பாலும் அதுவே. மொத்தச் செலவில் அதன் பங்கு சிறிது என்பதாலேயே, விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைக்கும் இடமாகவும் அது இருக்கிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெடுமங்காடு வட்டத்தில், பேப்பாறை வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டியும், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்மலைக்கு ஏறும் பாதையின் தொடக்கமாகவும் அமைந்திருக்கும் போனக்காடு போன்ற தேயிலைத் தோட்டப் பகுதிகளில் இந்தத் தேர்வு கூடுதல் கவனத்தைக் கோருகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் பெய்யும் மலைச்சரிவு என்பதால், ஆண்டின் பெரும்பகுதியில் காற்றில் ஈரம் தங்கியிருக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லயங்களில் அறைகள் சிறியவை. ஒரே அலமாரியின் இழுப்பறைகளில்தான் துணிமணிகளும் ஆவணங்களும் பாத்திரங்களும் இடம்பிடிக்கின்றன. கடைத்தெரு விதுராவிலோ நெடுமங்காட்டிலோ இருக்க, பழுதுபார்க்கத் தச்சரை மறுபடியும் மலைக்கு வரவழைப்பது சேனலின் விலையைவிடக் கூடுதலாகச் செலவு வைக்கும். சமவெளி நகரத்தில் சிறு தொல்லையாக முடிந்துவிடும் தவறான தேர்வு, இங்கே கையிருப்பைக் கரைக்கும் இழப்பாகிவிடுகிறது.

சந்தையில் கிடைக்கும் சேனல்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். வெள்ளை அல்லது பழுப்பு நிறப் பூச்சுடன், பிளாஸ்டிக் உருளை ஒன்றின்மீது ஓடும் ரோலர் சேனல் விலை குறைந்தது. ஆனால் இழுப்பறை ஏறத்தாழ முக்கால் அளவே வெளியே வரும், பின்பகுதியிலுள்ள பொருளைக் கைவிட்டுத் துழாவியே எடுக்கவேண்டும், சற்றுத் தூக்கி இழுத்தால் பெட்டி முழுதுமே கழன்று காலில் விழவும் கூடும். இரண்டாவது, டெலஸ்கோப்பிக் சேனல் எனப்படும் குண்டுமணித் தடம். ஒன்றினுள் ஒன்றாகச் செருகிய மூன்று எஃகுப் பட்டைகளுக்கு இடையே சிறு எஃகுக் குண்டுகள் உருண்டு, பெட்டியை முழு நீளத்துக்கும் வெளியே கொண்டுவருகின்றன. மூன்றாவது, பெட்டியின் அடியில் மறைந்திருக்கும் அண்டர்மவுண்ட் சேனல்; பார்வைக்கு அழகானது, விலை கூடியது, பெட்டியை மிகத் துல்லியமான அளவில் செய்யும் தச்சரின் கையில் மட்டுமே அது ஒழுங்காக வேலை செய்யும். மெல்ல மூடச்செய்யும் ‘சாஃப்ட் குளோஸ்’ அமைப்பு இவற்றோடு சேரும் ஒரு வசதியே தவிர, தரத்துக்கான சான்று அன்று. மலைப்பகுதி வீடுகளின் பொதுத் தேவைக்கு, பக்கவாட்டில் பொருத்தும் நடுத்தர விலைக் குண்டுமணிச் சேனலே ஏற்றது என்பது இக்கட்டுரையின் கணிப்பு. ஏனெனில் அது பழுதானால் அதே அளவில் வேறொரு நிறுவனத்தின் சேனலை வாங்கி மாட்டிக்கொள்வது எளிது.

அந்த வசதிக்குக் காரணம் அளவு ஏறத்தாழப் பொதுவாக இருப்பதுதான். பக்கவாட்டுக் குண்டுமணிச் சேனலுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 12.7 மில்லிமீட்டர், அதாவது தச்சர் கணக்கில் நான்கு நூல் அல்லது அரை அங்குலம், இடைவெளி வேண்டும். பெட்டகத்தின் உள் அகலத்தைவிட இழுப்பறைப் பெட்டி மொத்தம் ஓர் அங்குலம் குறைவாக இருக்கவேண்டும் என்பது இதன் பொருள். பெட்டி சற்றுப் பெரிதானால் சேனல் இறுகி ஓட மறுக்கும். சிறிதானால் பட்டைகள் வெளிப்பக்கமாக இழுபட்டுக் குண்டுகள் தம் கூட்டிலிருந்து உதிரும். இவ்விரு பழுதுகளும் சேனலின் குறையல்ல, பெட்டி செய்த கையின் குறை. பின்னாளில் வழக்கு என்று வந்தால் பொறுப்பு விற்றவருடையதா, செய்தவருடையதா என்பதைத் தீர்மானிப்பதும் இந்த நான்கு நூல்தான். திருகாணியின் தலை பட்டையின் மட்டத்துக்கு மேல் துருத்தி நின்றாலும் நடுப்பட்டை அதில் உரசும். புதிய இழுப்பறை ஒரே இடத்தில் தட்டித் தட்டி நிற்குமானால் முதலில் பார்க்கவேண்டியது அந்தத் தலையைத்தான். பெரும்பாலான சேனல்களில், உள்பட்டையில் கறுப்பு நிறப் பிளாஸ்டிக் நெம்பு ஒன்று இருக்கும். ஒரு பக்கத்தில் அதை மேலும் மறுபக்கத்தில் கீழுமாக ஒரே நேரத்தில் அழுத்தினால் பெட்டி தனியே கழன்றுவரும் என்பதால், இந்தச் சோதனைக்குத் தச்சரை அழைக்கவேண்டிய தேவையில்லை.

உறையின்மீது அச்சிடப்படும் 25, 35, 45 கிலோ என்னும் சுமைக்குறிப்பு பலரால் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அது ஒரு சேனலுக்கன்று, இடமும் வலமுமான ஓர் இணைக்கு உரியது. பெட்டியின் சொந்த எடையும் அதற்குள் அடங்கும். நிறுவனம் சோதித்த ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கே அது பொருந்தும், நீளம் கூடக்கூடத் தாங்குதிறன் குறையலாம். 25 கிலோ அரிசிப் பையை வைக்கப்போகும் இழுப்பறைக்கு 25 கிலோ சேனல் போதாது என்பது இதிலிருந்து விளங்கும். எத்தனை முறை திறந்து மூடிச் சோதிக்கப்பட்டது என்ற எண்ணிக்கையைத் தரமான நிறுவனங்கள் தம் பட்டியலில் அச்சிடுகின்றன. அந்த எண்ணிக்கை எந்தச் சுமையுடன் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அதற்கு மதிப்பில்லை.

ஈரமே மலைவீட்டின் முதன்மைப் பகை. சாதாரணச் சேனல்கள் குளிர்நிலையில் உருட்டிய எஃகுத் தகட்டால் ஆனவை. அவற்றின்மீது பூசப்படும் துத்தநாகம் முதலில் தான் அரிக்கப்பட்டு அடியிலுள்ள எஃகைக் காக்கிறது. பட்டையில் வெண்ணிறத் தூள் படிந்தால் துத்தநாகம் கரைந்துவருகிறது என்றும், செம்பழுப்புப் புள்ளி தோன்றினால் காப்பு முடிந்து எஃகே துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது என்றும் கொள்ளலாம். சமையலறைத் தொட்டிக்கு அருகிலுள்ள இழுப்பறைக்கு மட்டுமாவது 304 தர எவர்சில்வர் சேனல் வாங்குவது நல்லது. ஆனால் காந்தம் ஒட்டவில்லை என்பதைக் காட்டி அதை 304 என்று விற்பதை நம்பவேண்டியதில்லை, ஏனெனில் தரம் குறைந்த 202 வகையிலும் பொதுவாகக் காந்தம் ஒட்டுவதில்லை. தரக்குறியீட்டை ரசீதில் எழுதித் தரச்சொல்வதே பாதுகாப்பு. சேனல் நன்றாக இருந்தும் பலகை கைவிடும் சூழலும் உண்டு: மரத்துகளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு ஈரத்தில் உப்பி, திருகாணியைப் பிடிக்கும் வலுவை இழந்துவிடும். தண்ணீர் படும் இடங்களுக்கு ஐஎஸ் 710 என்னும் இந்தியத் தரக்குறியீடு பொறித்த மரைன் பிளைவுட் பொருத்தமானது.

பொருட்சேதத்தைவிடப் பெரிய அபாயம் அலமாரி கவிழ்வது. முழு நீளமும் வெளியே வரும் இழுப்பறைகள் இரண்டு மூன்று ஒரே நேரத்தில் திறந்திருந்தால், உள்ளே இருக்கும் எடை முழுவதும் முன்கால்களைத் தாண்டி வெளியே தொங்குகிறது. அந்நிலையில் குழந்தை ஒன்று கீழ் இழுப்பறையைப் படியாக்கி ஏறினால் அலமாரி அதன்மீதே சாய்ந்துவிடும். அமெரிக்காவில் குழந்தைகள் இவ்வாறு நசுங்கி இறந்ததைத் தொடர்ந்து, 2016 ஜூனில் ஐக்கியா நிறுவனம் மால்ம் உள்ளிட்ட வகைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப்பெற நேர்ந்தது. 2022 டிசம்பரில் அந்நாடு இதற்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. இங்கே செய்யவேண்டியது எளியது: உயரமான அலமாரியின் மேற்பகுதியை எல் வடிவ இரும்புப் பட்டையால் சுவரோடு இறுக்குவது, எடைமிக்க பொருள்களைக் கீழ்த்தட்டில் வைப்பது. பழைய லயச் சுவர்களில் பூச்சு உதிர்ந்திருக்கக்கூடும் என்பதால், திருகாணி பூச்சில் நின்றுவிடாமல் உள்ளிருக்கும் கல்லையோ செங்கல்லையோ பற்றியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் குறையுள்ள பொருள் வந்து சேர்ந்தால், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையிலுள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 துணைநிற்கிறது. பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறியும் உரிமையையும், உயிருக்கும் உடைமைக்கும் கேடு விளைவிக்கும் பொருள்களிலிருந்து காக்கப்படும் உரிமையையும் அச்சட்டம் பெயர்சொல்லி வழங்குகிறது. ரசீது தர மறுப்பது அதன்படி முறையற்ற வணிகச் செயல். குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப்பெற மறுப்பதும் அவ்வாறே. ‘விற்ற பொருள் திரும்பப்பெறப்பட மாட்டாது’ என்று ரசீதின் அடியில் அச்சிட்டுவிடுவதால் மட்டும் குறையுள்ள சேனலுக்கான பொறுப்பிலிருந்து கடைக்காரர் தப்பமுடியாது. கூலி பெற்று வேலை செய்யும் தச்சரின் பணி ‘சேவை’ என்ற வரையறைக்குள் வருவதால், அளவு தவறிச் செய்த பெட்டி சேவைக் குறைபாடாகும். குறையுள்ள பொருளால் உடற்காயமோ உயிரிழப்போ நேர்ந்தால், பொருள் பொறுப்பு என்னும் தனி இயலின்கீழ் தயாரிப்பாளரிடமும் குறிப்பிட்ட சூழல்களில் விற்பனையாளரிடமும் இழப்பீடு கோரலாம்.

சட்டம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கையில் சான்று இல்லாவிட்டால் அது உதவாது. வேலை தொடங்கும் முன்பே மதிப்பீட்டுத் தாளில் ‘சேனல்’ என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடாமல் நிறுவனப் பெயர், வகை, நீளம், சுமைக்குறிப்பு, உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுதி வாங்கவேண்டும். சேனல் வந்த உறையை எறிந்துவிடக் கூடாது. தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி, அதிகபட்ச விற்பனை விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை அதில்தான் இருக்கின்றன, அவற்றை அச்சிடுவது சட்டமுறை எடையளவு விதிகளின்படி கட்டாயம். பழுது தோன்றிய நாளிலேயே படம் எடுத்து, தச்சருக்கும் கடைக்கும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிவைப்பது, தொலைபேசியில் பத்து முறை கடிந்து பேசுவதைவிடப் பயனுள்ளது. இணையத்தில் வாங்கிய பொருளானால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தரவேண்டும்.

அதற்குமேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தமிழ், மலையாளம் உட்பட 17 மொழிகளில் அதில் பேசலாம். அங்கே தீராவிட்டால் அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். பழைய சட்டம் போலன்றி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கப் புதிய சட்டம் இடமளிக்கிறது. சேனலை மும்பை நிறுவனம் ஒன்றிடம் வாங்கியிருந்தாலும் போனக்காட்டுக் குடும்பம் திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்தையே அணுகலாம். புகாரை இணையவழியாகவும் பதியலாம், காணொலி விசாரணையையும் கோரலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. தரத்தை ஆய்வகத்தில் சோதிக்கவேண்டி வந்தால் அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் முதலில் செலுத்தவேண்டியிருக்கும். குறையை நீக்குதல், பொருளை மாற்றித்தருதல், பணத்தைத் திருப்பித்தருதல், இழப்பீடு ஆகியவற்றை ஆணையம் உத்தரவிடலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் பதிவாகவேண்டும். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை புகாரைப் பதியக் கட்டணம் எதுவும் இல்லை.