காந்தத்தை எக்ஸ்ரே எடுக்க முடியுமா?

மைசூரு ஆபீஸில் நீங்க சேவ் பண்ற ஃபைல், பெரும்பாலும் ஏதோ ஒரு ஹார்டு டிஸ்கில் காந்தத் துணுக்குகளாகத்தான் உட்கார்ந்திருக்கும். துணுக்கு ரொம்பச் சின்னதானால் அறை வெப்பத்திலேயே திசை புரண்டுவிடும், டேட்டா காலி. அந்தத் திசையை எப்படிப் பார்ப்பது?

சேலம் கஞ்சமலையில் கிடைக்கும் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடையே எடுத்துக்குவோம். அதன் நானோ துணுக்கின் மேல், சுமார் 710 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில், வலப்பக்கம் சுழலும் எக்ஸ்ரேயைப் பாய்ச்சி ஒரு படம். இடப்பக்கம் சுழல்வதைப் பாய்ச்சி இன்னொன்று. காந்தத் திசையைப் பொறுத்து இரும்பு அணுக்கள் இரண்டையும் வெவ்வேறு அளவில் விழுங்கும். ஒரு படத்திலிருந்து மற்றதைக் கழித்தால், எதிரெதிர் திசைகள் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். இந்த விளைவை 1987ல் ஜெர்மனியின் கீஸெலா ஷூட்ஸ் குழு இரும்பில் அளந்து காட்டியது.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே இதுக்கு ஆகாது, சிங்க்ரோட்ரான் வேணும். நம்ம நாட்டின் இண்டஸ்-2 இருப்பது இந்தோரில். சுற்றளவு சுமார் 172 மீட்டர். மைசூரு ஆய்வாளர் சாம்பிளோடு அங்கேயோ வெளிநாட்டுக்கோ கிளம்பணும். கிடைப்பது சில நாள் பீம்டைம். சாம்பிள் சொதப்பினால் மறுபடி விண்ணப்பம், மறுபடி வரிசை.