பயிற்சியாளர் மாறினால் குவார்ட்டர்பேக் என்ன ஆவார்?

2024 ஜனவரியில் அலபாமா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வு பெற்றார். 17 சீசன்களில் ஆறு தேசியப் பட்டங்களை அந்த அணிக்கு வென்று தந்தவர் அவர். அவருடைய இடத்துக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து கேலன் டிபோர் வந்தார். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோ இனி எப்படி ஆடுவார் என்ற விவாதம் உடனே சூடுபிடித்தது.

காரணம் இருக்கிறது. பந்து கைக்கு வந்த இரண்டு மூன்று விநாடிகளில் குவார்ட்டர்பேக், வீசும் பந்தைப் பிடிக்க ஓடும் முதல் ரிசீவரைப் பார்க்க வேண்டும். அவரை எதிரணி மடக்கியிருந்தால் அடுத்தவரைத் தேட வேண்டும். வீசுவதா, தானே ஓடுவதா என்றும் முடிவெடுக்க வேண்டும். பல பாஸ்களில், ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து கையை விட்டுக் கிளம்பியிருக்கும். யார் எந்தப் பாதையில் ஓடுவார், யாரை முதலில் பார்ப்பது என்பதெல்லாம் பயிற்சிக் குழு வகுத்துக் கொடுப்பது. குழு மாறினால் உத்தி மாறும். ஒவ்வொரு உத்திக்கும் வைத்திருக்கும் பெயர்கூட மாறும். இதையெல்லாம் புதிதாகப் படிக்க, வசந்தகாலத்தில் கல்லூரி அணிகளுக்குக் கிடைப்பது 15 பயிற்சி அமர்வுகள்தான்.

டிபோர் மீது ரசிகர்கள் நம்பிக்கை வைக்க குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் ஒருவரே போதும். இந்தியானா பல்கலைக்கழகத்தில் அவருடைய நான்கு சீசன்களும் காயத்தால் பாதியில் முடிந்தன. 2021இல் எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி தந்த டச்டவுன் பாஸ்கள் 4, எதிரணி பறித்துக்கொண்ட வீச்சுகள், அதாவது இன்டர்செப்ஷன்கள் 7. மறு ஆண்டு வாஷிங்டனுக்கு மாறி, டிபோரின் கீழ் 4,641 யார்டுகள் வீசினார், 31 டச்டவுன்கள். முந்தைய சீசனில் நான்கே ஆட்டங்களில் வென்றிருந்த அணி 11 ஆட்டங்களில் வென்றது.

இந்தியானா எண்களை மட்டும் வைத்து இதைக் கணித்திருக்க முடியாது. ஆனால் வேறொரு தடயம் இருந்தது. 2019இல் இந்தியானாவில் பெனிக்ஸின் தாக்குதல் ஆட்டத்தை வகுத்தவர் இதே டிபோர்தான். பாடம் பழையது, ஊர் மட்டுமே புதிது. போதாக்குறைக்கு ரோம் ஒடுன்சே போன்ற தரமான ரிசீவர்களும் அங்கே இருந்தார்கள்.

மில்ரோவின் கதை வேறு. அவருடைய பலம் கால்களின் வேகமும் தொலைதூர வீச்சும். டிபோரின் ஆட்டமோ நின்ற இடத்திலிருந்து நேரம் பிசகாமல் வீசுவதை அதிகம் நம்புவது. வாஷிங்டனில் டிபோருக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்த ரையன் கிரப்பும் அலபாமாவில் நிலைக்காமல் தொழில்முறை அணியான சியாட்டில் சீஹாக்ஸுக்குப் போய்விட்டார். 2023இல் 2,834 யார்டுகள் வீசிய மில்ரோ, 2024இல் வீசியது 2,844. மேலோட்டமாகப் பார்த்தால் எதுவுமே மாறவில்லை. ஆனால் டச்டவுன் பாஸ்கள் 23இலிருந்து 16 ஆகக் குறைந்தன. இன்டர்செப்ஷன்கள் 6இலிருந்து 11 ஆக ஏறின. ஓடி எடுத்த டச்டவுன்கள் மட்டும் 12இலிருந்து 20 ஆயின.

அந்த ஒரே சீசனுக்குள்ளும் எத்தனை ஏற்ற இறக்கம்! செப்டம்பர் 28 அன்று பலம்வாய்ந்த ஜார்ஜியாவுக்கு எதிராக 374 யார்டுகள் வீசி, 117 யார்டுகள் ஓடி, 41-34 என அணியை வெல்ல வைத்தார் மில்ரோ. தரவரிசையில் அலபாமா முதலிடத்துக்கு ஏறியது. அடுத்த வாரமே, தரவரிசைப் பட்டியலிலேயே இல்லாத வாண்டர்பில்ட்டிடம் 40-35 என்று தோற்றது.

ஆகவே கணிக்க நினைப்பவர் முந்தைய ஆண்டின் மொத்த யார்டுகளோடு நின்றுவிடக் கூடாது. புதிய உத்தி கேட்கும் வீச்சு குவார்ட்டர்பேக்குக்குக் கைவந்ததா, முன்னால் நின்று காக்கும் ஐந்து பேர் தேறியவர்களா, பயிற்சியாளரோடு முன்பழக்கம் உண்டா என்று பார்க்க வேண்டும். முதல் ஆண்டை வைத்துத் தீர்ப்பு எழுதவும் கூடாது. எல்எஸ்யு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணியில் 2022இல் புதிய பயிற்சிக் குழுவின் கீழ் ஜேடன் டேனியல்ஸ் வீசிய டச்டவுன்கள் 17. அதே குழுவோடு இரண்டாம் ஆண்டில் 40. கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் வந்தது. மில்ரோவோ டிபோரிடம் ஒரே சீசன் ஆடிவிட்டு, 2025இல் சியாட்டில் சீஹாக்ஸ் அணிக்குத் தேர்வாகிக் கல்லூரி ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.