சாயாத கோணம்!

ஐப்பசி அடைமழை. எங்கள் வீட்டு வேப்பங்கதவு ஊறி உப்பிப்போய், 'சாத்த மாட்டேன்' என்று அடம்பிடித்தது. அதுவும் பாத்ரூம் கதவு! தீபாவளிக்கு மாமனார், மாமியார் வர இன்னும் இரண்டே நாள்.

"எங்கப்பா குளிக்கிறப்ப வாசல்ல நீங்க காவல் நிப்பீங்களா?" என்றாள் இல்லத்தரசி.

விடுவேனா? பரணிலிருந்து அப்பாவின் இரும்பு இழைப்புளியை இறக்கினேன். அப்பா தச்சர். நானோ இருபது வருஷமாக ஃபைல் இழைக்கிறவன். கூர் என்றால் சவர பிளேடு மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டும் என்று நானே முடிவு கட்டி, ராத்திரி பூரா தீட்டினேன். காலையில் கதவில் ஒரு கணு. 'ணங்!' பிளேடு நுனி பொக்கைவாய் ஆகிவிட்டது.

அப்பாவோடு வேலை பார்த்த பெரியவரிடம் ஓடினேன். பிளேடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இதுல தக்காளி நறுக்கலாம். உங்கப்பா ஒரு வருஷத்துல தேய்க்கிற இரும்பை ஒரே ராத்திரியில தேய்ச்சுட்டியேப்பா!"

சுருக்கென்றது. பிறகு பொறுமையாகச் சொன்னார். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூர் வேறு, கோணம் வேறு. எந்தக் கோணத்திலும் கூராக்கலாம். அந்தக் கூர் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைச் சொல்வது கோணம். 20 டிகிரிக்கு இறக்கினால் கணுவில் உடையும். சரி, 40 டிகிரி வைத்தால்? சாதாரண இழைப்புளியில் பிளேடு 45 டிகிரியில் சாய்ந்து, தீட்டிய சரிவு கீழே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். 40 போனால் சரிவுக்கும் மரத்துக்கும் நடுவே மிச்சம் 5 டிகிரிதான். நுனி லேசாக மழுங்கினாலும் சரிவு மரத்தில் உரசும். இழைப்புளி சீவாமல் வழுக்கும். 30 என்றால் 15 டிகிரி இடைவெளி. நுனிக்கும் பலம், மரத்துக்கும் நலம்.

"சாணைச் சக்கரத்துல 25. அப்புறம் நுனியில மட்டும் மெல்லிசா ஒரு கோடு, 30. அடுத்த தடவை அந்தக் கோட்டைத் தீட்டினாப் போதும். வேலை மிச்சம், இரும்பும் மிச்சம்."

"கோணமானி வேணுமா, பெரியப்பா?"

சிரித்தார். "கனத்தைப் பாரு. சரிவோட நீளம் கனத்தைப் போல ரெண்டு மடங்கு இருந்தா 30."

அதாவது 3 மில்லிமீட்டர் பிளேடுக்கு 6 மில்லிமீட்டர் சரிவு. 25 டிகிரிக்கு 7. எட்டாம் வகுப்பு ஸ்கேல் போதும்!

சக்கரத்தில் அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். நுனி நீலம் பாரித்தால் உருக்கின் பதம் போச்சு. கடைசியில் பின்பக்கத்தைக் கல்லில் படிய வைத்துத் தேய்த்துப் பிசிறை எடுக்க வேண்டும்.

"மழைக்காலத்துல நிறைய சீவிடாதே. வெயில்ல கதவு சுருங்கி இளிக்கும்."

மறுநாள் சுருள் சுருளாக வந்தது சீவல். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

"நல்லாப் பண்ணியிருக்காரே... எந்த ஆசாரி?" என்றார் மாமனார்.

"எங்கப்பா" என்றேன்.