நோய்க்காலத்தில் வீட்டு மின் இணைப்பும் நமது பற்று நோட்டும்

கெடு தேதிக்குள் கட்டணம் கட்டாத வீட்டில் பியூஸைப் பிடுங்கிவிடுவது மின்வாரியத்தின் நெடுநாள் வழக்கம். சாதாரணக் காலத்தில் இதை வணிகர்களாகிய நாம் குறை சொல்ல மாட்டோம். சரக்குக் கொடுத்தவர் பணம் கேட்பது நியாயமே. ஆனால் வீட்டை விட்டு வெளியே வராதே, அடிக்கடி கை கழுவு என்று அரசே உத்தரவிடும் நாளில், மோட்டார் ஓடாத வீட்டுக்காரர் தண்ணீருக்கு எங்கே போவார்? இன்சுலின் மருந்தை எதில் வைப்பார்?

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது தமிழக அரசு இதை உணர்ந்து நடந்துகொண்டது. முதலில் ஏப்ரல் 14 வரை அவகாசம் தந்து, பிறகு கட்டம் கட்டமாக நீட்டித்தது. சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் அது ஜூலை வரை சென்றது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

தொல்லை அதற்குப் பிறகுதான் வந்தது. ரீடிங் எடுக்க ஆள் வர முடியாததால், முந்தைய கணக்கில் கட்டிய தொகையையே கட்டச் சொன்னார்கள். அது குளிர் மாதங்களின் கணக்கு. குடும்பமே வீட்டில் அடைந்து கிடந்து இரவு பகலாக மின்விசிறி ஓடிய கோடையின் கணக்கு, பின்னர் நான்கு மாதத்துக்கும் சேர்ந்து வந்தது. மொத்த யூனிட்டை இரண்டாகப் பிரித்து, ஏற்கெனவே கட்டிய ரூபாயைக் கழித்தார்கள்.

நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அப்போதைய கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,130 ரூபாய். பத்தே யூனிட் கூடி 510 ஆனால் 1,846 ரூபாய். நான்கு மாதத்தில் 1,020 யூனிட் ஓடிய வீட்டுக்கு மொத்தம் 3,692 ரூபாய். முன்பு 300 யூனிட் கணக்கில் 530 ரூபாய் கட்டியிருந்தால், மீதி 3,162 ரூபாயை ஒரே மூச்சில் வைக்க வேண்டும். பிரித்துப் போட்டதில் சிலருக்கு இலாபமும் இருந்திருக்கும், அதை மறுக்கவில்லை. இந்தக் கணக்கு முறையை எதிர்த்த வழக்கை உயர் நீதிமன்றமும் 2020 ஜூலையில் தள்ளுபடி செய்துவிட்டது. நமது வழக்கு அதுவல்ல. கூலி இல்லாத வீட்டுக்காரர் அவ்வளவையும் ஒரே தடவையில் எங்கிருந்து எடுப்பார் என்பதே நமது கேள்வி.

அந்த வீட்டின் பற்று நம் நோட்டிலும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பியூஸைப் பிடுங்குவார்கள் என்ற பயத்தில் கையில் இருப்பதை மின்வாரியத்தில் கட்டுவார்கள். அரிசி, எண்ணெய் பாக்கி அப்படியே நிற்கும். சில்லறைக்காரரின் பாக்கி நின்றால் மொத்தக் கடையின் பாக்கியும் நிற்கும்.

இப்படி நேரும்போது நாம் என்ன செய்கிறோம்? பழைய பாக்கியைத் தனிப் பக்கத்தில் எழுதி, வாரம் இவ்வளவு என்று தவணை பேசி, புதிய பற்றை நடத்துகிறோம். அடியோடு நிறுத்தினால் வாடிக்கையும் போகும், பணமும் போகும். 3,162 ரூபாயை ஆறு தவணையாக்கினால் தவணைக்கு 527 ரூபாய்தான். மின்வாரியம் அறியாத வித்தை அல்ல இது.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 56ஆவது பிரிவின்படி, துண்டிக்குமுன் முழுதாக 15 நாள் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். கணக்கில் தகராறு இருந்தால், கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரி, இவற்றில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டி, துண்டிப்பைத் தடுக்கலாம். வாடிக்கையாளர்களுக்கு இதைக் கடையிலேயே எடுத்துச் சொல்லலாம். ஆனால் அந்தப் பிரிவில் நோய்க்காலத்துக்கென ஒரு வரியும் இல்லை. 2020இலும் 2021இலும் கிடைத்தது அவ்வப்போதைய உத்தரவுதான். இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாக்கிக்காக வீட்டுக் குடிநீரைத் துண்டிக்கவே கூடாது.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது மூன்று. நோய்க்கால அறிவிப்பு வந்த நாளிலேயே வீட்டு இணைப்புத் துண்டிப்பு தானாக நிற்க வேண்டும். சேர்ந்த பாக்கியை வட்டியின்றித் தவணையில் கட்ட, அலுவலகத்துக்கு அலையாமல், விதியிலேயே உரிமை வேண்டும். 2021இல் மீட்டரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வழி செய்தார்களே, அதை முதல் நாளிலிருந்தே நடைமுறைக்குக் கொண்டுவந்தால் கணக்கு மாதங்களும் கலந்துபோகா.