மீன்தொட்டியின் கீழ் அலுமாரிக்குள் இருப்பது என்ன?

பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இப்பிடி ஒண்டு எங்கட வீட்டிலயும் வைப்பமா?" என்று கேட்கிறார்கள். கண்ணாடித் தொட்டி. அதற்குள் புல்வெளி போல் விரிந்த பச்சை, இரண்டு கற்கள், ஒரு மரவேர், நடுவே கூட்டமாக நீந்தும் சின்ன மீன்கள். வயரோ குழாயோ எதுவும் படத்தில் தெரியாது. "படிக்கிற பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்குது" என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். மூன்று மாதத்தில் தொட்டி பாசி பிடித்து நிலவறைக்குப் போய்விடுகிறது. எமக்குத் தெரிந்த நாலைந்து வீடுகளில் இதுதான் நடந்தது. எங்கள் வீட்டில் அதைவிட மோசமாக நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன், படத்தில் தெரியாத அந்தக் கீழ் அலுமாரிக்குள் என்னென்ன இருக்கின்றன, எது எதற்காக என்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வகைத் தொட்டியை உலகமெங்கும் பரப்பியவர் ஜப்பானின் நீகாத்தா மாகாணத்தவரான தக்காஷி அமானோ. முன்னர் சைக்கிள் பந்தய வீரர், பின்னர் புகைப்படக் கலைஞர். 2015இல் காலமானார். அதே ஆண்டில் லிஸ்பன் கடற்காட்சியகத்தில் அவர் அமைத்து முடித்த நன்னீர்த் தொட்டி 40 மீற்றர் நீளம், 1,60,000 லீற்றர் கொள்ளளவு. எங்கள் வீட்டிலிருப்பதோ 120 லீற்றர்தான். இரண்டுக்கும் கணக்கு ஒன்றே.

செடி வளர ஒளி, காபனீரொட்சைட்டு, பசளை ஆகிய மூன்றும் வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் படித்தோம். தரையில் செடிக்குக் காற்றே காபனீரொட்சைட்டைக் கொண்டுவந்து கொடுக்கும். தண்ணீருக்குள் அப்படியில்லை. காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் லீற்றருக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். அதுவும் தண்ணீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. படத்தில் பார்த்த புல்வெளிக்கு லீற்றருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் சிலிண்டரும் மற்ற உபகரணங்களும்.

கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது எல்இடி விளக்கு. எல்லோரும் காசை அதில்தான் கொட்டுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஆனால் தோட்டம் செய்த எங்கள் அப்புமாருக்கு இது சொல்லித் தரத் தேவையில்லை. வெயில் கூடினால் இறைப்பும் கூட வேண்டும், பசளையும் கூட வேண்டும். வெயிலை மட்டும் கூட்டிவிட்டு மற்றதைக் கூட்டாவிட்டால் பயிர் வாடும், களை மிஞ்சும். தொட்டியில் அந்தக் களைதான் பாசி. எது ஆகக் குறைவாக இருக்கிறதோ அதுவே வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் என்பதை ஜேர்மனியரான கார்ல் ஸ்பிரெங்கல் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எழுதினார். பின்னர் லீபிக் அதைப் பரப்பியதால் அவர் பெயரே நிலைத்தது. ஆகவே விளக்கு வாங்கும்போது வெளிச்சம் எவ்வளவு கூட என்று பார்ப்பதைவிட, அதைக் குறைக்க வசதி இருக்கிறதா என்று பாருங்கள். புதுத் தொட்டிக்கு ஆறு மணித்தியாலம், பாதி வெளிச்சம் போதும். ரைமர் ஒன்று கட்டாயம் வேண்டும். மனிதர் மறப்பார்கள்.

இனி சிலிண்டர். இதில்தான் நாங்கள் அடிபட்டோம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

சிலிண்டருக்குள் காபனீரொட்சைட்டு திரவமாக இருக்கிறது. அதன் மேல் நிற்கும் வாயுவின் அழுத்தம் 20 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 57 பார். காரின் ரயரில் இருப்பது இரண்டரை பார்தான். இதைக் குறைத்து வெளியே விடுவது ரெகுலேற்றர். அதன் பிறகு மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு ஒன்று இருக்கும். அது விளக்கின் ரைமரோடு சேர்ந்து இயங்கி இரவில் வாயுவை நிறுத்திவிடும். இருட்டில் செடி வாயுவை எடுக்காது, மீனைப்போல் அதுவும் ஒட்சிசனை எடுத்து மூச்சுவிடும். அடுத்து ஊசி வால்வு. சொட்டுச் சொட்டாக ஓடுவதைச் சரிப்படுத்த அது. அதற்கும் அப்பால் நொடிக்கு எத்தனை குமிழி என்று எண்ண ஒரு சிறு கண்ணாடிக் குப்பி, தண்ணீர் பின்னோக்கி வந்து வால்வைக் கெடுக்காமல் தடுக்க ஒருவழி வால்வு, கடைசியில் வாயுவை மாப் போன்ற குமிழிகளாக உடைக்கும் பீங்கான் தட்டு. ஒருவழி வால்வு சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அது இல்லாததால் நூறு யூரோ ரெகுலேற்றர் பழுதான வீடு ஒன்றையும் நாம் அறிவோம்.

ரெகுலேற்றரில் இரண்டு மானிகள் இருக்கும். அதில் ஒன்று சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும். கணக்குப் படித்தவர்கள் என்ற முறையில் நாங்கள் அதை மிச்ச இருப்பு என்று நம்பினோம். அது இருப்பல்ல. உள்ளே திரவம் ஒரு துளி இருக்கும்வரை ஊசி அதே இடத்தில்தான் நிற்கும். 2 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ அரைக் கிலோ மிஞ்சும்போதுதான் அது இறங்கவே தொடங்கும். அந்த இறக்கத்தில்தான் ஆபத்து. மலிவான ஒற்றைநிலை ரெகுலேற்றரில் உள்ளே வரும் அழுத்தம் குறையக் குறைய, வெளியே போகும் அழுத்தம் கூடும். நொடிக்கு இரண்டு குமிழி என்று நாம் வைத்தது, எண்ண முடியாத ஓட்டமாக மாறிவிடும்.

ஒரு சனிக்கிழமை கலியாண வீடொன்றுக்குப் போய் இரவு வந்தோம். விளக்கு அணைந்திருந்தது, யாரும் தொட்டியைப் பார்க்கவில்லை. காலையில் மகள்தான் முதலில் கண்டாள். 14 மீன்களில் 11 மிதந்தன. மிச்சம் மூன்றும் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவள் பள்ளிக்கூடப் பையில் ஒவ்வொரு மீனுக்கும் பெயர் எழுதிய தாள் இருந்தது எங்களுக்கு அன்றுதான் தெரியும். விற்ற கடைக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆகவே சிலிண்டரை நிறுக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது பயணப் பொதி நிறுக்க எல்லார் வீட்டிலும் ஒரு கைத்தராசு இருக்கும்தானே, அது போதும். நிரப்பிக் கொண்டுவந்த அன்றே ரெகுலேற்றரைப் பூட்டி, பட்டி ஒன்றில் கட்டித் தூக்கி நிறுத்து, எடையையும் திகதியையும் எழுதுங்கள். பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை. ஒன்றரைக் கிலோ குறைந்துவிட்டால் மறுபடி நிரப்பக் கொடுங்கள். அடியில் மிஞ்சும் அரைக் கிலோ நட்டம்தான், மீனைவிடப் பெரிதல்ல. காசு இருந்தால் இரட்டைநிலை ரெகுலேற்றர் வாங்குங்கள். விளக்கில் மிச்சம் பிடித்து இதில் போடலாம் என்பதே எங்கள் அபிப்பிராயம்.

மீனைவிட முக்கியமான இன்னொன்று. மகன் தொட்டியைத் தன் படுக்கையறையில் வைக்கவே விரும்பினான். 2 கிலோ திரவம் வாயுவானால் ஒரு கன மீற்றரைத் தாண்டும். நீளம், அகலம் மூன்று மூன்று மீற்றர், உயரம் இரண்டரை என்றால் அறையின் கொள்ளளவு 22.5 கன மீற்றர். குளிர்காலத்தில் கதவு யன்னல் எல்லாம் பூட்டியிருக்கும்போது முழுச் சிலிண்டரும் ஒழுகினால் காற்றில் ஏறத்தாழ 5 வீதம் காபனீரொட்சைட்டு. ஜேர்மனியில் வேலைத்தலங்களுக்கான வரம்பு 0.5 வீதம். அமெரிக்காவின் நையோஷ் நிறுவனம் 4 வீதத்தை உயிருக்கு உடனடி ஆபத்தான அளவாக வைத்திருக்கிறது. இந்த வாயுவுக்கு மணமில்லை, காற்றைவிடப் பாரம் கூட, ஆகவே தரையோடு தங்கும். தொட்டிக்கு நாளாந்தம் போகும் பத்துப் பன்னிரண்டு கிராமால் வீட்டாருக்கு எதுவும் ஆகாது. பயம் சிலிண்டர் விழுந்து கழுத்து உடைவதில்தான். அதனால் எப்போதும் நிமிர்த்தி, சங்கிலியால் கட்டி, படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். சாய்த்துப் படுக்கவைத்தால் திரவமே ரெகுலேற்றருக்குள் போய்விடும். கோடையில் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது. ஜேர்மனியில் இச்சிலிண்டர்களை 10 ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்து முத்திரை குத்துவார்கள். பழைய சாமானாக வாங்குபவர்கள் அந்தத் திகதியை முதலில் பாருங்கள். தவணை கடந்ததை எவரும் நிரப்பித் தரமாட்டார்கள்.

வாயு போதுமா, கூடிவிட்டதா என்று காட்ட தொட்டிக்குள் ஒட்டும் சிறு கண்ணாடிக் குமிழ் ஒன்று விற்கிறார்கள். உள்ளே 4 பாகை காபனேற்றுக் கடினத்தன்மையுள்ள தண்ணீரில் புரோமோதைமோல் நீலம் கலந்திருக்கும். நீலமாக இருந்தால் வாயு குறைவு, பச்சை என்றால் லீற்றருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம், மஞ்சள் என்றால் கூட. நல்ல சாமான்தான், ஆனால் நிறம் மாற ஒன்றிரண்டு மணித்தியாலம் எடுக்கும். மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். வாயுவை நிறுத்தி, காற்றுப் பம்பைப் போட்டு, பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

அலுமாரிக்குள் சிலிண்டருக்குப் பக்கத்தில் வாளி போல் நிற்பது பில்ரர். தண்ணீரைத் துப்புரவாக்குவது அதன் பஞ்சு என்று நினைப்பது பாதிதான் சரி. பஞ்சில் குடியேறும் பற்றீரியாக்கள்தான் மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அவை பெருக நாலு முதல் ஆறு கிழமை வேண்டும். அதற்கு முன் மீனை விட்டால் என்ன வாங்கினாலும் பயனில்லை. கழுவும்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். சவர்க்காரம் வேண்டாம். மணித்தியாலத்துக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு தண்ணீரைச் சுற்றும் பில்ரர் பொருத்தம். வாயுவையும் பசளையையும் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோவதும் அந்த ஓட்டம்தான்.

அடியில் போடும் கறுப்பு மண் சுட்ட மணிகளாக வரும். பசளையைப் பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கும். தொடக்கத்தில் தானே அமோனியாவை வெளியிடும் என்பதால் முதல் மாதம் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். திரவப் பசளையில் நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், இரும்பு, மற்றும் நுண்சத்துகள். போத்தலில் எழுதியபடி ஊற்றி, கிழமைக்கொருமுறை பாதித் தண்ணீரை மாற்றினால் மிஞ்சியது சேராது. ஹீற்றரை 24 பாகையில் விட்டால் போதும். தானாகப் பசளை ஊற்றும் பம்ப், ஊதாக்கதிர் விளக்கு, பிஎச் கட்டுப்படுத்தி இவையெல்லாம் முதல் வருடத்துக்குத் தேவையில்லை.

செலவைப் பார்ப்போம். விளக்கு 60 வற்றில் 8 மணித்தியாலம், பில்ரர் 15 வற்றில் நாள் முழுதும், 150 வற் ஹீற்றர் நாளில் மூன்றிலொரு பங்கு நேரம் எரிகிறது என்று கொண்டால், நாளுக்கு ஏறத்தாழ 2 யூனிற். யூனிற் 35 சதமென்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 260 யூரோ. சிலிண்டர் நிரப்புவதும் பசளையும் இதற்கு மேல். வாங்கும் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இந்தத் தொகையையும் பிள்ளைக்கு முன்னாலேயே எழுதிக் காட்டுவது நல்லது. நாங்கள் எழுதிக் காட்டியபோது அவன் பெரிய தொட்டி கேட்பதை நிறுத்தினான்.

இத்தனையும் வேண்டாமென்றால்? கம்பளம் போல் படரும் சிறு செடிகளுக்கும் சிவப்பு இலைச் செடிகளுக்கும்தான் இந்த ஏற்பாடெல்லாம். சிலிண்டரே இல்லாமல் குறைந்த ஒளியில் வளரும் செடிகளும் உண்டு. அவற்றில் கடைகளில் ஆகக் கூடுதலாக விற்கும் ஒன்று கிரிப்டோகொரைன் வெண்டியை. ஜேர்மனியரான ஆல்பர்ட் வென்ற்றின் பெயரைத் தாங்கினாலும் அது இயற்கையாக வளர்வது இலங்கையில் மட்டும்தான், நிழலான ஓடைகளில். ஆறில்லாத குடாநாட்டில் கிணற்றுக்குள் மீன் விட்டு வளர்ந்த எங்களுக்கு, அப்படியொரு செடி நாட்டில் இருப்பதே இங்கு கடையில் பெயர்ச்சீட்டைப் படித்துத்தான் தெரிந்தது. செத்துப்போன செர்ரி பார்ப் மீன்களும் இலங்கைக்கே உரியவை.

இடம் மாற்றி நட்டால் அந்தச் செடியின் இலைகள் ஒரு கிழமைக்குள் கூழாகக் கரைந்துவிடும். பலர் செத்துவிட்டதென்று பிடுங்கி எறிகிறார்கள். எறிய வேண்டாம். வேர் உயிரோடு இருக்கும். மூன்று நாலு கிழமையில் புதுத் தண்ணீருக்கேற்ற இலை வரும்.

மகளுக்காகக் குசினி மேசையில் 30 லீற்றரில் ஒரு தொட்டி வைத்திருக்கிறோம். அதில் வெண்டியை நாலு மூடும் ஒரு சின்ன விளக்கும் பஞ்சுப் பில்ரரும் ஹீற்றரும் மட்டும். பெரிய தொட்டி வரவேற்பறைக்கு வந்துவிட்டது. சிலிண்டர் அதன் அருகே சுவரோடு சங்கிலியில் நிற்கிறது, எடை எழுதும் கொப்பி மேலே தொங்குகிறது. கடைசியாக எழுதியிருப்பது மகனின் கையெழுத்து: இன்னும் 1 கிலோ 300 கிராம்.